ஒரு தாய் தகப்பன்: ஆதாம், டார்வின், வடக்கன்குளத்துச் சுவர்

1

எங்கள் விலங்கியல் சார் வெள்ளிக்கிழமை பரிணாமம் நடத்துவார்; ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பிரசங்கம் செய்வார். ஒருதடவை வடகரையிலிருந்து பண்பொழி, செங்கோட்டை வழியாகக் குற்றாலத்துக்கு எங்களைக் கூட்டிப்போனார். ஐந்தருவிப் பக்கம் ஒரு பையன் கையிலிருந்த வடையைக் குரங்கு பறித்துக்கொண்டு மரமேறிவிட்டது. பறிகொடுத்தவன் அழுகையை மறைக்கக் கேட்டான்: 'சார், இதுதான நம்ம தாத்தான்னு சொன்னீய? அப்ப ஆதாம் யாரு சார்?' சார் சிரித்துவிட்டு, 'ஏலே, அது பரீட்சைக்கு, இது ஆத்துமாவுக்கு. ரெண்டையும் ஒரே நோட்டுல எழுதாத' என்றார்.

இந்த இரண்டு நோட்டு ஏற்பாடு எப்படி வந்தது என்பதுதான் இங்கே கேள்வி. அமெரிக்காவில் டேட்டன் என்ற சிற்றூரில் 1925இல் பரிணாமம் சொல்லிக்கொடுத்த ஆசிரியரைக் கூண்டில் ஏற்றி நூறு டாலர் அபராதம் போட்டார்கள். தமிழ்நாட்டிலேயே கிறிஸ்தவர்கள் அடர்ந்து வாழும் பகுதிகளில் ஒன்று திருநெல்வேலிச் சீமை. பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் பெரும்பாலும் சபைகளின் கையில் இருந்த ஊர். ஆனாலும் டேட்டன் போல ஒரு வழக்கு இங்கே நடந்ததில்லை. நம்மவர்களுக்குச் சகிப்புத்தன்மை அதிகம் என்று இதற்கொரு விளக்கம் சொல்வார்கள். இந்த விளக்கம் வசதியானது, அதனாலேயே சந்தேகத்துக்குரியது. சண்டை நடக்கவில்லை என்றால் சமாதானம் ஆகிவிட்டது என்று பொருளில்லை. பேசப்படாமல் போன ஒன்று எங்கே போய் ஒளிந்துகொண்டது என்று தேட வேண்டியிருக்கிறது.

2

குற்றாலத்திலிருந்தே தொடங்கலாம். பக்கத்து மேலகரத்துக்காரரான திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் குற்றாலக் குறவஞ்சி எழுதினார். அதில் குறத்தி தன் மலையையும் நாட்டையும் விரித்துச் சொல்லிவிட்டுத்தான் குறி சொல்வாள். 1774இல் திருநெல்வேலியில் பிறந்து, ஸ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் தஞ்சையில் வளர்ந்த வேதநாயக சாஸ்திரியார் இதே வடிவத்தை எடுத்துக்கொண்டு 1800இல் பெத்லகேம் குறவஞ்சி செய்தார். உலா வரும் தலைவன் இயேசு. தலைவி சீயோன் மகள். குறத்தியின் மலைவளம் இருந்த இடத்தில் உலகத்தின் கண்டங்களும் நாடுகளும் வருகின்றன. சூரியனைச் சுற்றும் கோள்களும் வருகின்றன. கோபர்நிக்கஸின் பிரபஞ்சம் தமிழ்க் கவிதைக்குள் நுழைந்த ஆரம்ப வாசல்களில் இது ஒன்று.

ஐரோப்பாவில் கலிலியோவை 1633இல் மண்டியிட வைத்த அதே விஷயம், இங்கே ஒரு கிறிஸ்தவக் கவிஞரின் கையில் பக்திப் பாட்டாக மாறிவிட்டது. காரணம் எளியது. மிஷனரிகளுக்குப் பூமி சாஸ்திரமும் வான சாஸ்திரமும் தேவைப்பட்டன. மேருமலையும் பாற்கடலும் கொண்ட புராண உலகத்தை உடைக்க அவையே கைக்கு எளிதான ஆயுதங்கள். பாளையங்கோட்டையில் இருந்த ரேனியஸ் 1832இல் தமிழில் 'பூமிசாஸ்திரம்' எழுதி வெளியிட்டதை இந்தப் பின்னணியில்தான் வாசிக்க வேண்டும். ஆக அறிவியல் இங்கே மதத்துக்கு எதிரான சொல்லாடலாக வரவில்லை; ஒரு மதம் இன்னொன்றை அடிக்க எடுத்த தடியாக வந்தது.

தடிக்கு இரண்டு முனை உண்டு. 1880களில் சென்னை லௌகிக சங்கத்தார் 'தத்துவவிவேசினி' என்ற தமிழ் இதழையும் 'தி திங்க்கர்' என்ற ஆங்கில இதழையும் நடத்தினார்கள். இங்கிலாந்தில் பிராட்லாவின் நாத்திக இயக்கத்தோடு தொடர்பு வைத்திருந்த இவர்கள், புராணத்தை அடித்த அதே கையோடு பைபிளின் ஆறுநாள் படைப்பையும் அடித்தார்கள். மிஷனரி கற்றுக்கொடுத்த தர்க்கம் மிஷனரி மேலேயே திரும்பியது. படித்த கிறிஸ்தவருக்கு இரண்டாவது நோட்டு அவசியமானது இப்படித்தான் என்று ஊகிக்கிறேன்.

சாஸ்திரியாரைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். புதிதாக வந்த மிஷனரிகள் 1820களில் தஞ்சைக் கோயிலில் சாதிவாரியாக உட்காரும் வழக்கத்தைக் கண்டித்தபோது, அந்த வழக்கத்துக்காக வாதாடி எழுதியவர் இதே சாஸ்திரியார்தான். பூமியைப் பிரபஞ்சத்தின் நடுவிலிருந்து எடுத்து ஓரத்தில் வைக்க அவர் மனசு ஒப்புக்கொண்டது. வேளாளர் உட்கார்ந்த இடத்தை மாற்றி வைக்க ஒப்பவில்லை. நம் ஊரில் விசுவாசத்துக்கு எது கஷ்டம், எது கஷ்டமில்லை என்பதை இந்த ஒரு மனிதரின் வாழ்க்கையே காட்டிக்கொடுக்கிறது.

3

பரிணாமத்துக்கு முதலில் தேவைப்படுவது காலம். ஆங்கில பைபிள்களின் ஓரத்தில் ஆர்ச்பிஷப் அஷர் கணக்குப்படி உலகம் கி.மு. 4004இல் உண்டானது என்று அச்சிட்டிருந்தார்கள். இந்தக் கணக்கு தமிழ்நாட்டில் உடைந்த இடம் எது என்று கேட்டால், பல்லாவரம் என்று சொல்லலாம். 1863 மே 30ஆம் தேதி புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் அங்கே செம்புரைக்கல் சரளையில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு அத்திரம்பாக்கத்திலும் கண்டார்கள். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் இருந்தான் என்பதற்கான முதல் சான்றுகள் இவை. டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்து நாலு வருஷம்கூட ஆகவில்லை. அத்திரம்பாக்கத்துக் கருவிகளுக்குப் பதினைந்து லட்சம் ஆண்டு வயது என்று 2011இல் சாந்தி பப்புவும் அவருடன் பணியாற்றியவர்களும் கணித்து அறிவித்தார்கள்.

இந்த ஃபுட் யார்? பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மருமகன். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணையாக வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கிய அதே பெர்சிவல். ஆதியாகமத்தைத் தமிழில் எழுதிய வீட்டின் மருமகன், ஆதியாகமத்தின் கால அளவைத் தகர்த்த கல்லைக் கொண்டுவந்தார். வீட்டில் என்ன பேசிக்கொண்டார்களோ! ஃபுட்டின் நினைவுக்கல் ஏற்காட்டில் ஹோலி டிரினிட்டி ஆலயத்தில் இருக்கிறது. 1883இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியல் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. நம் தேரிக்காட்டில், ஜி.யு. போப் செமினரி நடத்திய அதே சாயர்புரம் பக்கம், சிறு கற்கருவிகளையும் அவர் கண்டார். மேலே வேதபாடம் நடந்தது. காலடியில் கல் கிடந்தது.

கால்டுவெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 1841இல் இடையன்குடிக்கு வந்தார். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம். 1875இல் விரிந்த இரண்டாம் பதிப்பு. 1877இல் பிஷப் பட்டம். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்று அவர் எப்படி நிறுவினார்? இன்று தனித்தனியாக நிற்பவற்றை ஒப்பிட்டு, இப்போது இல்லாத ஒரு பொதுத்தாயை ஊகித்தார். டார்வின் 1859இல் உயிர்களுக்குச் செய்ததும் இதுதான். உயிர்களின் வகைப்பாடு ஏன் வம்சாவளியாக இருக்க வேண்டும் என்று விளக்க அவரே மொழிகளின் வம்சாவளியை உதாரணம் காட்டுகிறார். இந்த மொழிக்குடும்ப மரத்துக்கு முன்மாதிரியாக வில்லியம் ஜோன்ஸ் போன்றவர்கள் வைத்திருந்தது நோவாவின் மூன்று மகன்களின் வம்சவரிசை என்பதை டிரவுட்மன் விரிவாக எழுதியிருக்கிறார். பைபிளின் வம்சவரிசை மொழியியலுக்குப் போய், அங்கிருந்து உயிரியலுக்கு உவமையாகப் போயிருக்கிறது. விசுவாசமும் பரிணாமமும் இரண்டு எதிர்க்கரைகள் என்ற கட்டமைப்பு இந்த இடத்தில் ஆட்டம் காண்கிறது. மொழிக்குத் தாய் தேடலாம், உயிருக்குத் தேடக்கூடாதா என்று இடையன்குடியில் யாராவது கேட்டிருந்தால் நம் கதை வேறாகியிருக்கும்.

தென்னாப்பிரிக்காவில் கேட்டார்கள். நேட்டால் பிஷப் கொலென்ஸோவோடு சேர்ந்து வேதத்தை ஜூலு மொழிக்குக் கொண்டுபோன வில்லியம் இங்கிடி, இந்த வெள்ளத்துக் கதை நிஜமாகவே நடந்ததா என்று கேட்டார். ஆம் என்று சொல்ல பிஷப்புக்கு வாய் வரவில்லை. 1862இல் ஐந்தாகமங்களை விமர்சித்துப் புத்தகம் எழுதினார். அடுத்த ஆண்டு பதவிநீக்கத் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய கறுப்பு மனிதனின் கேள்வியை ஒரு பிஷப் அச்சில் ஏற்றி அதற்கு விலையும் கொடுத்தார். ஐந்தருவியில் எங்களோடு வந்தவன் கேட்டதும் அந்த ஜாதிக் கேள்விதான். அதைச் சிரித்துக் கடந்துவிட்டோம்.

4

ஆதாம் நமக்கு யார்? ஐரோப்பியக் கிறிஸ்தவனுக்கு ஆதாம் பாவத்தின் தகப்பன். நம் தேரிக்காட்டிலும் வயக்காட்டிலும் வேதத்துக்கு வந்தவர்களுக்கு ஆதாம் வேறொன்றாகவும் இருந்தார். தலையிலிருந்து ஒருவன், காலிலிருந்து ஒருவன் என்று சொன்ன கதைக்கு எதிராக, எல்லாரும் ஒரு தாய் தகப்பன் பிள்ளைகள் என்று சொல்லும் கதை. ஏதென்ஸில் பவுல் பேசிய பேச்சில், சகல ஜனத்தையும் ஒரே இரத்தத்திலிருந்து தேவன் உண்டாக்கினார் என்ற கருத்து வருகிறது. பிறப்பை வைத்து அளக்கப்பட்டவர்களுக்கு இது வெறும் படைப்புக் கதை இல்லை. வர்ணத்துக்கு எதிரான மாற்றுக்கதையாடல். பரிணாமத்தை ஒப்புக்கொண்டால் இந்த ஆதாமை இழந்துவிடுவோமோ என்பதுதான் நியாயமாக இங்கே எழுந்திருக்க வேண்டிய பயம்.

1871இல் டார்வின் 'மனிதனின் வம்சாவளி' எழுதினார். மனித இனங்கள் வெவ்வேறு மூலங்களிலிருந்து வந்த தனித்தனி உயிரினங்கள் என்று சொல்லி, அடிமைமுறைக்கு விஞ்ஞானச் சப்பைக்கட்டு கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு எதிராக, எல்லா மனிதர்களும் ஒரே மூலத்திலிருந்து வந்தவர்கள் என்று அதில் வாதிட்டார். பவுல் சொன்னதை டார்வின் வேறு வழியாக வந்து சொன்னார் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த ஆண்டு, 1872இல், ராதாபுரம் பக்கத்து வடக்கன்குளத்தில் கத்தோலிக்க ஆலயம் ஒன்று எழும்பியது. பீடம் ஒன்று, பீடத்திலிருந்து கால்சட்டை போலப் பிரியும் இரண்டு மண்டபங்கள். ஒன்றில் வேளாளர், மற்றதில் நாடார். நடுவில் சுவர். ஒரே அப்பத்தை ஒரே குருவின் கையிலிருந்து வாங்க வேண்டும், ஆனால் ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது. 1910இல் கௌசானல் அடிகள் அந்தச் சுவரை இடிக்கும்வரை இது நின்றது. இடித்ததை எதிர்த்து வேளாளர் தரப்பு நீதிமன்றம் போய்த் தோற்றது.

ஆதாம் ஒருவரே என்று ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்தவர்கள்தான் சுவரின் இரண்டு பக்கமும் இருந்தார்கள். ஆதியாகமத்தை எழுத்துக்கு எழுத்து நம்புவது சுவரைத் தடுக்கவில்லை. டார்வின் வந்து ஆதாமைக் கெடுத்துவிட்டான் என்று புலம்புகிறவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: ஆதாமை நாம் எப்போது நம்பினோம்?

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. பரிணாமம் தன்னளவில் சமத்துவத்தைக் கொண்டுவந்துவிடாது. டார்வினிடமே நாகரிகன், காட்டுமிராண்டி என்ற ஏணி இருந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் தர்ஸ்டன் அளவுகோலை எடுத்துக்கொண்டு மூக்குகளை அளந்தார். 1909இல் 'தென்னிந்தியச் சாதிகளும் குலங்களும்' ஏழு தொகுதிகள் வெளிவந்தன. மூக்கு அகலமாக இருந்தால் சாதி கீழே என்று ரிஸ்லி ஏற்கனவே சூத்திரம் எழுதிவைத்திருந்தார். இவை பரிணாமத்தின் பெயரால் நடந்த மனுதர்மம். வேதம், விஞ்ஞானம் இரண்டு நோட்டிலும் சுவர் கட்ட இடம் இருந்திருக்கிறது. ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். விசுவாசமும் பரிணாமமும் ஒத்துப்போகுமா என்பதைவிட, எந்த விசுவாசம், எந்தப் பரிணாமத்தோடு, யாருக்காக என்பதே நம் கேள்வி.

5

நோட்டுகளை ஒன்றாக்கப் பார்த்த ஒருவர் நம் பக்கத்தில் இருந்தார். தமிழ் வாசகர்கள் அவரை மறந்துவிட்டோம். பி. செஞ்சய்யா (1886–1959). சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதி. குருவானவர் அல்ல, சாதாரண விசுவாசி. 1938 டிசம்பரில் தாம்பரத்தில் சர்வதேச மிஷனரி மாநாடு கூடியபோது, அதற்கு முன்னதாக இவரும் இவர் மைத்துனர் வெ. சக்கரையும் நண்பர்களும் 'இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுபடி சிந்தித்தல்' என்ற நூலைக் கொண்டுவந்தார்கள். மற்ற மதங்களுக்கும் கிறிஸ்துவுக்கும் இடையில் பாலமே கிடையாது என்று சொன்ன ஹென்ரிக் கிரேமருக்கு அது பதில்.

செஞ்சய்யாவின் இறையியல் பரிணாமத்தைச் சகித்துக்கொள்ளும் இறையியல் அல்ல. பரிணாமத்தின் உள்ளிருந்தே எழுந்தது. பெர்க்சனையும் அரவிந்தரையும் வாசித்தவர் அவர். இயேசு பழைய மனிதனின் பாவக்கடனை அடைக்க வந்தவர் என்பதைவிட, படைப்பில் தோன்றிய புதிய மனிதன் என்பதையே அவர் அழுத்தினார். பரிசுத்த ஆவி பிரபஞ்சத்துக்குள் வந்த புதிய ஆற்றல். படைப்பு ஆறு நாளில் முடியவில்லை, நடந்துகொண்டிருக்கிறது. பிரெஞ்சு ஜேசுயிட் தெய்யார் த ஷார்தன் இதையொத்த சிந்தனையை எழுதிவைத்தும், அவருடைய முக்கிய நூல் அவர் இறந்த 1955இல்தான் வெளிவர முடிந்தது. 1962இல் வத்திக்கான் அவர் எழுத்துகளுக்கு எதிராக எச்சரிக்கை விட்டது. நம் புதுக்கோட்டை நீதிபதிக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் வாசகரும் இல்லை.

செஞ்சய்யாவை அப்படியே தூக்கிக்கொண்டாட என்னால் முடியவில்லை. அவர் எடுத்துக்கொண்டது முன்னேறிப்போகும் பரிணாமம். கீழிருந்து மேலே ஒரு உயர்நிலை மனிதன். 1913இல் ஃபார்குஹர் 'இந்து மதத்தின் மகுடம்' என்று எழுதியபோதும் இதே ஏணிதான், மேல்படியில் கிறிஸ்தவம். டார்வினின் மரத்தில் மேல்படி கிடையாது. குரங்கு நம் தாத்தா அல்ல. நமக்கும் அதற்கும் எப்போதோ ஒரே பாட்டி இருந்தாள், அவ்வளவுதான். நாமும் ஒரு கிளை, அதுவும் ஒரு கிளை. ஏணிக்கும் கிளைக்கும் உள்ள இந்த வித்தியாசம் உயிரியல்காரனுக்குச் சின்னதாகத் தெரியலாம். ஏணியின் அடியில் வைக்கப்பட்டவனுக்கு அது உயிர்ப் பிரச்சினை. செஞ்சய்யாவின் கேள்வி பெரும்பாலும் படித்த நகரத்துக் கிறிஸ்தவரின் கேள்வி: என் இந்து மரபை நான் என்ன செய்வது? வடக்கன்குளத்தின் கேள்வி வேறு.

அதே காலத்தில் சிங்காரவேலர் 'குடியரசு' இதழில் பரிணாமத்தையும் பொருள்முதல்வாதத்தையும் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார். ரஸ்ஸலின் 'நான் ஏன் கிறிஸ்தவனல்ல' குத்தூசி குருசாமி கையால் தமிழானது. அவர்களுக்கு டார்வின் கடவுளை வெளியேற்றும் கதவு. செஞ்சய்யாவின் மைத்துனர் சக்கரை, இறையியலாளராக மட்டுமின்றிச் சென்னைத் தொழிற்சங்க இயக்கத்தின் முன்னோடியாகவும் இருந்தவர், சிங்காரவேலருக்குச் சமகாலத்தவர். தொழிலாளர் பிரச்சினையில் பக்கத்தில் நின்ற இரண்டு தரப்பும் பரிணாமம் பற்றி ஒரு நல்ல விவாதத்தைத் தமிழில் நடத்தியிருக்கலாம். இருவருக்கும் பொதுவான நிலம் இருந்தது: பிறப்பால் யாரும் உயர்வில்லை.

6

1950இல் பன்னிரண்டாம் பயஸ் பாப்பரசர் மனித உடல் பரிணாமத்தில் வந்திருக்கலாமா என்று ஆராயக் கத்தோலிக்கர்களுக்குத் தடையில்லை என்றார். ஆன்மாவைக் கடவுள் நேரடியாகப் படைக்கிறார் என்பதையும், ஆதாம் என்ற ஒற்றை மூலத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. 1996இல் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் ஊகம் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று ஒப்புக்கொண்டார். மரபணு ஆய்வுகளோ, மனிதகுலம் எந்தக் காலத்திலும் இரண்டே பேராகச் சுருங்கியதில்லை என்கின்றன. ஒற்றை ஆதாம் போகட்டும். அவர் சொல்ல வந்த உறவு போகவில்லை, விரிந்துவிட்டது. மனிதனோடு நின்றிருந்த உறவு இப்போது ஐந்தருவிக் குரங்கு வரைக்கும், அருவிப் பாறையின் பாசி வரைக்கும் போகிறது.

ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வாளர்களும் ஹார்வர்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று நமக்கு முக்கியம். இந்திய மக்கள் கூட்டங்கள் சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை ஒன்றோடொன்று பரவலாகக் கலந்திருக்கின்றன. பிறகு அகமண முறை இறுகிக் கலப்பு நின்றிருக்கிறது. அதாவது நம் எல்லார் உடம்பிலும் சுவருக்கு முந்திய காலம் எழுதியிருக்கிறது. சுவர் இயற்கை இல்லை, தெய்வச் செயலும் இல்லை. அது கட்டப்பட்ட காலத்தைக் கணக்கிட முடியும்.

2018 ஜனவரியில் ஒன்றிய இணை அமைச்சர் ஒருவர், குரங்கு மனிதனானதை யாரும் கண்ணால் பார்க்கவில்லை, டார்வின் தப்பு என்றார். 2023இல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமத்தை எடுத்துவிட்டார்கள். ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டுக் கண்டித்தார்கள். இந்த நேரத்தில் அமெரிக்காவிலிருந்து வரும் படைப்புவாதப் பிரசங்கங்களை நம் சபைகளில் சிலர் ஆவலாக எடுத்துக்கொள்கிறார்கள். பாடப்புத்தகத்திலிருந்து பொதுமூலத்தை அகற்றுகிறவர்களின் அரசியல் எது, வர்ணக் கதையில் அவர்களுக்குள்ள பற்று எது என்று தெரிந்தும் அதே பாட்டைக் கிறிஸ்தவர்கள் பாடினால், தங்களை மதம் மாற வைத்த அந்த ஒரே இரத்தம் என்ற சொல்லைத் தாங்களே கைவிடுகிறார்கள் என்றுதான் அர்த்தம்.

தமிழ்நாட்டுச் சபைகளில் தனிக் கல்லறைத் தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன. செத்த பிறகும் ஒரே மண்ணுக்குப் போக முடியாதவர்களிடம் ஆதாம் மண்ணால் ஆனவர் என்று யார் பிரசங்கம் செய்வது? விசுவாசத்தையும் பரிணாமத்தையும் சமரசம் செய்ய விரும்புகிறவர்கள் ஆறு நாளா, நூறு கோடி வருஷமா என்று கணக்குப் பார்ப்பதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு அந்தக் கல்லறைத் தோட்டத்திலிருந்து தொடங்கலாம்.

சார் ஓய்வு பெற்றுவிட்டார். போன சீசனில் தென்காசி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ஐந்தருவியை ஞாபகப்படுத்தி, 'ரெண்டு நோட்டும் ஒண்ணுதான் சார்னு இப்ப தோணுது' என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். 'ஒண்ணுதாம்ல. ஆனா ஒண்ணுன்னு எழுதுனா நம்ம கோயில்ல எந்த வரிசைல உக்காருததுன்னு கேள்வி வரும்லா?' என்றார். பஸ் வந்துவிட்டது.